தும்பிக்கு ஒரு கிண்ணம் சூப்

பிப்ரவரி 6

அண்ணி,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. உங்களிடமிருந்து ஒரு விவரம் வேண்டும்.

போன வாரம் தும்பி பள்ளியிலிருந்து வந்ததும் உதடு அரிக்கிறது என்றாள். தோழி கொண்டுவந்த சாலடை இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள். அதில் ஆப்பிள், கேரட், வெள்ளரி, செலரித் தண்டு எல்லாம் இருந்ததாம். அரை மணி நேரத்தில் அரிப்பு தானாக நின்றுவிட்டது. வேறொரு வீடாக இருந்தால் மறந்திருப்பார்கள். இவள் அப்பா, உங்கள் தம்பி, போன விதம் தெரிந்த நான் மறக்க முடியாது. ஒவ்வாமை பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா முதலில் அவரைப் பற்றித்தான் கேட்டார். உங்கள் வீட்டில் குடித்த சூப், அதில் இருந்த செலரி, ஆம்புலன்ஸ் வந்த நேரம், எல்லாம் சொன்னேன். "சூப் வச்சவங்க கையாலயே எழுதி வாங்கிட்டு வாங்க. என்னென்ன போட்டாங்க, எதுக்கப்புறம் எது, எவ்வளவு நேரம் கொதிச்சுது. ஞாபகம் இல்லாததை இல்லைன்னே எழுதட்டும்" என்றார்.

போனில் கேட்டிருக்கலாம். உங்கள் எண்ணை நான் அழிக்கவில்லை. ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் அந்த ஆஸ்பத்திரி வராந்தா கண் முன்னால் வந்துவிடும். வந்தாலும் எனக்கு அழுகை வராது. இந்தப் பதினாறு மாதமாக எதுவுமே வருவதில்லை. காலையில் எழுந்து சலவைக் கடைக்குப் போகிறேன், வருகிற துணிக்கெல்லாம் அடையாளச் சீட்டுக் குத்துகிறேன், சாயங்காலம் தும்பியைக் கூட்டிக்கொண்டு வீடு வருகிறேன். உடம்பு பாட்டுக்கு நடக்கிறது.

விவரத்தை மட்டும் எழுதுங்கள். மற்றது வேண்டாம்.

தும்பியின் அம்மா

பிப்ரவரி 11

தும்பியின் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மெஷினிலேயே விட்டுவிட்டு, வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பிரித்தேன். நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன்.

குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை எழுதவே இல்லையே நீ. அவளுக்கு நானும் அத்தைதானே.

சரி, விவரம். ஞாபகம் இல்லை என்று ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

செலரி ஒரு கட்டு வாங்கினேன். அதில் வெளித்தண்டு ஐந்து எடுத்தேன். கழுவி, நார் உரித்து, விரல் கணு அளவுக்கு நறுக்கினேன். வாணலியில் வெண்ணெய் இரண்டு கரண்டி. அதில் முதலில் பெரிய வெங்காயம் ஒன்று, பின்னே செலரி. தீயைக் குறைத்து மூடி வைத்தேன், பத்து நிமிஷம். செலரி கண்ணாடி மாதிரி ஆனதும் உருளைக்கிழங்கு இரண்டு, உப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர். கொதி வந்ததிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். இறக்கி ஆறவிட்டு மசித்து, வடிகட்டியில் தேய்த்தேன். மறுபடி அடுப்பில் ஏற்றி, செலரி இலையைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி, மிளகுத்தூள் ஒரு சின்னக் கரண்டி. ஒரு கொதி. அவ்வளவுதான். பால் இல்லை, மாவு இல்லை, கடையில் விற்கிற பொடி எதுவும் இல்லை.

ஏன் மசித்தேன் என்று டாக்டர் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயசு, எனக்குப் பதினாறு. அப்போதிருந்து அவனுக்குச் சாப்பாடு போட்டவள் நான். தட்டில் எந்தக் காய் இருந்தாலும் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக வைப்பான், கடை பரப்புகிற மாதிரி. நாற்பது வயசிலும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால்தான் அன்றைக்குத் துண்டே தெரியாமல் தேய்த்தேன். பச்சைக் காய் உள்ளே போகட்டும் என்று, என்ன காய் என்று அவனிடம் சொல்லவும் இல்லை. துண்டு தெரிந்திருந்தால் அவன் ஒதுக்கியிருப்பான். இதைத் தினமும் நினைக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாய். "வளர்த்த கையாலயே கொன்னுட்டீங்களே" என்றாய்.

இன்னொன்று இருக்கிறது, சாப்பிடும்போது அவன் சொன்னது. வேண்டாம், டாக்டர் கேட்கவில்லையே.

அண்ணி

பிப்ரவரி 17

அண்ணி,

உங்கள் கடிதத்தை டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.

தும்பி நன்றாக இருக்கிறாள். அரிப்பு திரும்ப வரவில்லை. முன்பல் ஒன்று விழுந்து முளைத்திருக்கிறது, கொஞ்சம் கோணல்.

டாக்டர் சொன்னது இது: "பச்சையா தின்னா வாய் அரிக்கும், வேக வச்சா ஒண்ணும் பண்ணாதுங்கறவங்க உண்டு. வேக வச்சாலும் விடாதுங்கறவங்களும் உண்டு. உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது ரகம். பொண்ணு எந்த ரகம், இல்ல ரெண்டுமே இல்லையான்னு பாத்துடணும். பயந்துகிட்டே வளக்க முடியாது." முதலில் தோலில் பச்சைத் தண்டை வைத்துக் குத்திப் பார்ப்பார்களாம். அதில் ஒன்றும் இல்லையென்றால், வேக வைத்ததை ஆஸ்பத்திரியிலேயே, மருந்து ஊசியெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்களாம். அதற்கான சூப்பை வீட்டிலிருந்து நாங்களே கொண்டுபோக வேண்டும். அப்பா குடித்தது போலவே இருந்தால் நல்லதாம்.

ஆக, அதை நான் சமைக்க வேண்டும்.

நான் செலரியைத் தொட்டதே இல்லை. நேற்று அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஒரு கட்டு வாங்கி வந்து பழகிப் பார்த்தேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தேன். கட்டோடு குழாயில் காட்டிவிட்டு நறுக்கினேன். வெந்து மசித்தபின் வாயில் வைத்தால் நறநறவென்று மண். நாரெல்லாம் வடிகட்டியில் நூல் கண்டு மாதிரி சுருண்டு அடைத்துக்கொண்டது. வெண்ணெயும் கருகிவிட்டது. பாத்திரத்தோடு சாக்கடையில் கவிழ்த்தேன். அரை நாள் லீவு போட்டதுதான் மிச்சம்.

எனக்கு இது வராது போலிருக்கிறது. என்ன தப்பு செய்தேன் என்று எழுதுங்கள்.

டாக்டர் இன்னும் ஒன்று கேட்டார். முதல் கரண்டி குடித்ததற்கும் அவருக்கு மூச்சு முட்டியதற்கும் நடுவில் எத்தனை நிமிஷம்? நடுவில் ஏதாவது சொன்னாரா? அதாவது, நீங்கள் எழுதாமல் விட்டீர்களே, அது.

தும்பியின் அம்மா

பிப்ரவரி 21

தும்பியின் அம்மாவுக்கு,

முதலில் சமையல். அது சுலபம்.

வாங்கும்போது ஒரு தண்டை லேசாக வளைத்துப் பார். படக்கென்று ஒடிந்தால் புதுசு. ரப்பர் மாதிரி வளைந்தால் வேறு கட்டு கேள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கட்டைக் கட்டோடு கழுவாதே. அடிவேர்ப் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு வெட்டித் தள்ளினால் தண்டெல்லாம் தனித்தனியாக உதிர்ந்துவிடும். மண் முழுக்க உள்வளைவில், அடியில்தான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தண்டாகக் கட்டைவிரலால் அடியிலிருந்து நுனி வரை தேய்த்துக் கழுவு. பிறகு பத்து நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வை, விறைப்பாக நிற்கும்.

நார் உரிப்பது தையல் பிரிப்பது போலத்தான். தண்டின் அடி முனையில் கத்தியைக் கொடுத்து, முழுசாக வெட்டாமல், முதுகுப் பக்கத்து நாரைக் கத்திக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக இழு. நீளமாக வரும். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். வெளித்தண்டுக்குத்தான் இந்தப் பாடு. உள்ளே இருக்கிற வெளிறிய தண்டுகளுக்கு நாரே இராது. வெண்ணெய் உருகியதும், நுரை அடங்குவதற்குள் வெங்காயத்தைப் போட்டுவிடு. நீ நுரை அடங்கிய பிறகும் காத்திருந்திருப்பாய், அதுதான் கருகியது. செலரி சிவக்கவே கூடாது. மூடி போட்டுவிட்டால் அதன் தண்ணீரிலேயே அது வெந்துகொள்ளும்.

உனக்கு வரும். ஐந்து தண்டு உரித்தால் ஆறாவது தானாக வந்துவிடும்.

இப்போது நீ கேட்டது.

அவனும் தும்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு அன்றைக்கு வேலை. தும்பி கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கு, எனக்கு வேணாம்" என்று ரொட்டி மட்டும் தின்றாள். அவன் நாலைந்து கரண்டி குடித்திருப்பான். "நாக்கு என்னவோ மாதிரி இருக்குக்கா" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிளகு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சுடா, தண்ணி குடி." தண்ணீர் குடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டான். அவன் கிண்ணம் பாதி காலியாக இருந்தது. நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான், நான் சும்மா பிகு பண்ணுகிறான் என்று நினைத்தேன். என் மனம் நோகக் கூடாதென்று அதையும் குடித்தான்.

அதற்குப் பிறகு காது சிவந்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்தபோது ஒன்று பத்து. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது ஒன்று முப்பத்திரண்டு. நாக்கு என்று சொன்னது ஏறக்குறைய ஒன்று பதினைந்து. டாக்டரிடம் சொல். பதினேழு நிமிஷம் நான் அவனை உட்கார வைத்துச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேள். தும்பியிடம் சொல்லாமல் அதைக் கொடுக்காதே. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளையை ஏமாற்ற முடியாது.

அண்ணி

மார்ச் 1

அண்ணி,

தோலில் குத்திப் பார்த்தாயிற்று. முழங்கைக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து எண் போட்டார்கள். செலரி மூன்றாம் எண். அங்கே ஒன்றும் தடிக்கவில்லை. ஆப்பிளுக்கு மட்டும் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. சூப் சோதனையைப் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வைத்திருக்கிறார்கள்.

நான்கு தடவை சமைத்துவிட்டேன். இரண்டாம் தடவை மண் இல்லை. மூன்றாம் தடவை நாரும் இல்லை. நேற்று வைத்தது நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதுவதற்கே என்னவோபோல் இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. நின்றபடியே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

தண்டு உரிக்கும்போது கை பாட்டுக்கு உரிக்கிறது, தலைக்குள் ஒன்றும் ஓடுவதில்லை. அப்படி நேற்று உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் இதை உங்களுக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உங்கள் பதினேழு நிமிஷத்தைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியாது.

எனக்குத் தெரியும், அண்ணி. அவருக்குச் செலரி ஆகாது என்று எனக்கு முன்பே தெரியும்.

அவர் போவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். காலைச் சாப்பாட்டில் தக்காளிச் சாறு கொடுத்தார்கள், டம்ளருக்குள் கரண்டிக்குப் பதில் ஒரு செலரித் தண்டைக் குத்தி வைத்திருந்தார்கள். அவர் அதைக் கடித்துத் தின்றார். கொஞ்ச நேரத்தில் கீழுதடு வீங்கி, காது சிவந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "டாக்டர்கிட்ட போகலாம்" என்றேன். "ஒரு காய்க்கு டாக்டரா? தின்னாம இருந்தா தீந்துது" என்றார். பிறகு, "அக்காகிட்ட சொல்லித் தொலைக்காதே. அப்புறம் அது வீட்ல எனக்கு வெறும் ரொட்டிதான்" என்றார்.

நானும் சொல்லவில்லை. மறந்தும் போனேன். அதற்கப்புறம் எத்தனை தடவை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறோம். ஒரு தடவை, ஒரு வாய் வார்த்தை, "இவருக்கு செலரி மட்டும் போடாதீங்க அண்ணி" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "செலரியா?" என்று கேட்ட அந்த நிமிஷமே எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம்தான் நான் வராந்தாவுக்கு வந்து உங்களைப் பார்த்து அப்படிக் கத்தினேன். நான் முந்திக்கொண்டேன். நீங்கள் என்னைக் கேட்பதற்குள் நான் உங்களைக் கேட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது எனக்கு உள்ளே எங்கேயோ நடக்க வேண்டும். அங்கே இப்போது யாரும் இல்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

தும்பியின் அம்மா

மார்ச் 5

படித்தேன்.

பதினாறு மாதம் உறவுக்காரர் யாரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. திரை தைக்கக் கொடுத்திருந்தவர்கள்கூடத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அடுப்பில் நான் எனக்கென்று எதையும் சமைத்துச் சாப்பிட்டதில்லை. கடையில் வாங்கித் தின்கிறேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.



பன்னிரண்டாம் தேதிக்கு முந்தின நாளே தண்டை வாங்கி வைத்துவிடு. காலையில் அலையாதே. டாக்டர் மசிக்கச் சொன்னால் மசி. ஆனால் அவளுக்குத் தெரிந்து மசி.

மார்ச் 13

அண்ணி,

நேற்று சோதனை முடிந்தது. தும்பிக்குச் செலரியால் எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுத வேண்டும் என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

மற்றதையும் எழுதுகிறேன். நீங்கள் படிக்காமல் கிழித்தாலும் சரி.

காலையில் ஆறு மணிக்குச் சமைக்கத் தொடங்கினேன். தும்பியிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். செலரி வெண்ணெயில் விழுந்து வாசனை எழும்பியதும் அவள் பல்தேய்க்கும் பிரஷோடு வந்து நின்றாள். "இது அத்தை வீட்ல அன்னைக்கு வந்த வாசனை" என்றாள். ஆமாம் என்றேன். "அந்த சூப்பா?" ஆமாம். "நான் குடிக்கணுமா?" ஆமாம், ஆனால் ஆஸ்பத்திரியில்தான், டாக்டர் பக்கத்தில் இருப்பார் என்றேன். பல் தேய்த்துவிட்டு வந்து, நான் மசிக்கும்வரை அடுப்பருகிலேயே இருந்தாள். பிறகு, "நான் தேய்க்கட்டுமா?" என்று வடிகட்டியை வாங்கிக்கொண்டாள். தேய்த்தது பாதி, மேடையில் சிந்தியது பாதி.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார வைத்து விரலில் நாடி பார்க்கிற கிளிப் மாட்டினார்கள். நர்ஸ் சூப்பைத் தொட்டு முதலில் அவள் உதட்டில் வைத்தார். இருபது நிமிஷம் காத்திருந்தோம். பிறகு கால் கரண்டி, மறுபடி இருபது நிமிஷம். பிறகு அரைக் கரண்டி, ஒரு கரண்டி, இரண்டு, அப்படியே ஒரு கிண்ணம் வரை. ஒவ்வொரு தடவையும் நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பேச்சுக் கொடுக்க, "சூப் பிடிக்குமா பாப்பா?" என்று கேட்டார். தும்பி சொன்னாள், "தெரியாது. எங்கப்பா இதைக் குடிச்சுதான் செத்துப்போனாரு. நான் பாத்தேன்." யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற யோசனையே இல்லாமல், மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். நர்ஸ் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கிண்ணம் காலியானது. இன்னும் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். டாக்டரம்மா வந்து, "எல்லாம் சரியா இருக்கு. வேக வைக்காத ஆப்பிள் மட்டும் இப்போதைக்கு வேணாம். மத்தது எல்லாம் தின்னட்டும்" என்றார். பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சரி என்று தலையாட்டினேன். பையில் பாத்திரத்தை வைத்தேன். பாத்திரம் காலி என்பதைப் பார்த்ததும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அழவில்லை. ஆனால் உட்கார்ந்தேன்.

பேருந்தில் அவள் கேட்டாள்: "அப்போ அத்தை ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணலை."

"நீ பண்ணினாங்கன்னு சொன்னியே."

எனக்குத் தெரிந்தும் நான் சொல்லாமல் விட்டதை அவளிடம் சொன்னேன். தக்காளிச் சாறு, தண்டு, எல்லாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை என்னுடன் பேசவில்லை. இன்று காலையிலும் "ம்" மட்டும்தான்.

நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன், வராந்தாவில் நான் சொன்னது தப்பு என்று. மூன்று எழுதிவிட்டேன், இன்னும் ஆறு இருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி பள்ளி விடுமுறை தொடங்குகிறது. இன்று சாயங்காலம் தும்பி என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று, உங்களிடம் வர வேண்டும் என்று. கூட்டிக்கொண்டு வரட்டுமா?

தும்பியின் அம்மா

மார்ச் 17

தும்பியின் அம்மாவுக்கு,

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

அவளை அனுப்பு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். மேல் அறையைப் பெருக்கிவிட்டேன், ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அடுப்பைத் துடைத்துப் பால் காய்ச்சினேன்.

உன்னைப் பற்றி யோசித்தேன். நீயாகச் சொன்னாய், சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அது எனக்குப் புரிகிறது. நானும் ஒரு கரண்டி ஊற்றினவள்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அது வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். அவளை என்னிடம் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் நீ திரும்பிவிடு. அடுத்த விடுமுறைக்கு வேறு மாதிரி இருந்தாலும் இருக்கும். இப்போது சொல்ல முடியவில்லை.

வரும்போது அவளுக்கு என்ன ஒத்துக்கொள்ளும், என்ன ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி அவள் பையில் வை. தும்மல் வந்தது, தடிப்பு வந்தது, ஒரு தடவை வந்து போனது என்றாலும் எழுது. ஒன்றையும் விடாதே.

அண்ணி